வேடியப்பனுக்குப் பெயின்ட் அடித்த பிறகு

பென்னாகரம் பக்கம் ஒரு புளியந்தோப்பின் ஓரத்தில், மார்பளவு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. வீரன் ஒருவன், ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலுக்குப் பக்கத்தில் இரண்டு மாடு. தலைக்கு மேலே நான்கு வரி வட்டெழுத்து. படித்தவர்கள் நடுகல் என்பார்கள். ஊரில் கேட்டால் வேடியப்பன் கோயில் என்று கை காட்டுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ நடுகற்களுக்கு அதுதான் பெயர். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் சாமியாகி, வருடத்துக்கு ஒருமுறை பொங்கலும் கிடாயும் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்லை என் பழைய போனில் படம் எடுத்தேன். போன ஆடியில் மறுபடி போனால், வேடியப்பன் பச்சை எனாமல் சட்டை போட்டிருந்தார். மீசைக்குக் கறுப்பு, மாட்டுக்கு வெள்ளை, எழுத்து இருந்த இடம் முழுக்கப் பளபளவென்று மஞ்சள்.

"நல்லா இருக்குதுங்களா சார்? திருவிழாவுக்குப் பசங்க அடிச்சது" என்றார் பூசாரி.

நல்லா இருக்குங்க என்றேன். வேறு என்ன சொல்வது? சாமி அவர்களுடையது.

அன்று ராத்திரி வீட்டில் பழைய படத்தைத் தேடினேன். அசல் கோப்பு எங்கேயும் இல்லை; போனில் இடம் பற்றவில்லை என்று எப்போதோ அழித்திருக்கிறேன். மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, நண்பர்கள் குரூப்பில் அன்றைக்கு அனுப்பியதால் சுருங்கிப்போன பிரதி. இன்னொன்று, விக்கிமீடியா பொதுவகத்தில் நானே ஏற்றியது. அதைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தச் சுருங்கிய பிரதியைத்தான் 'தரம் கூடும்' என்று நினைத்துப் பிஎன்ஜி (PNG) என்ற வேறு படக் கோப்பு வடிவத்துக்கு மாற்றி ஏற்றியிருக்கிறேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், படக் கோப்புகளை மாற்றுவதுதான் என் பிழைப்பு. தருமபுரியில் ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு கடை வைத்திருக்கிறேன். தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், வாசல்வரை கூட்டம். புகைப்படம் 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20-க்குள், ஜேபெக் (JPEG) வடிவம் மட்டும். ஒரு பிள்ளையின் முகத்தை 48 கேபிக்குள் அடக்குவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பதினைந்து வருடமாகக் கை பழகியதெல்லாம் ஒன்றுதான்: எதைக் கொடுத்தாலும் சுருக்கு. அந்தக் கையோடு பொதுவகத்துக்குப் போனதுதான் தவறு. விண்ணப்பத்தில் போடும் படத்தை அதிகாரி ஒருமுறை பார்ப்பார், அத்தோடு அதன் வேலை முடிந்தது. பொதுவகத்தில் ஏற்றும் படத்தின் வேலையோ ஏற்றிய பிறகுதான் தொடங்குகிறது. முகம் தெரியாத ஒருவர் அதை வெட்டுவார், பெரிதாக்கிப் பார்ப்பார், வேறு மொழிக் கட்டுரையில் போடுவார், அச்சுக்கும் எடுப்பார்.

பொதுவகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விக்கிப்பீடியாவின் எல்லா மொழிக்கும் பொதுவான படக் கிடங்கு அது. 2004 செப்டம்பரில் தொடங்கியது. அங்கே இருக்கும் ஒரு படத்தைத் தமிழிலும் போடலாம், கன்னடத்திலும் போடலாம். ஏற்றியவரோ, அனுமதி பெற்ற வேறு பயனரோ ஒரு கோப்பின் மேல் திருத்திய பதிப்பை ஏற்றலாம். பழைய பதிப்பும் வரலாற்றில் கிடக்கும். இன்னொரு கட்டுப்பாடு: ஜேபெக்காக ஏற்றியதன் மேல் பிஎன்ஜியை ஏற்ற முடியாது. வடிவத்தை மாற்றினால் அது புதுக் கோப்பு, புதுப் பெயர். அதனால் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் நாளிலேயே முடிந்துபோகிற காரியம்.

சரி, வேடியப்பனுக்கு என்ன ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் போன் எடுத்த அசல் 4000-க்கு 3000 புள்ளி (பிக்சல்), அதாவது ஒரு கோடியே இருபது லட்சம். குரூப் பிரதி 1600-க்கு 1200. பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். ஆறு புள்ளி இருந்த இடத்தில் ஒன்று. அசலில் ஓர் எழுத்து நாற்பது புள்ளி உயரம் இருந்தது என்றால், பிரதியில் அது பதினாறு. பதினாறு என்பது ஜேபெக் கணக்கில் இரண்டே இரண்டு கட்டம்.

அந்தக் கட்டத்தைப் புரிந்துகொண்டால் ஜேபெக்கின் குணம் முழுக்கப் புரிந்துவிடும். 1992-இல் தரமாக்கப்பட்ட ஏற்பாடு அது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். ஒரு கட்டத்தில் 64 புள்ளி. அந்த 64-ஐயும் அப்படியே எழுதி வைக்காது. இந்தக் கட்டத்தில் மெதுவாக மாறுவது எவ்வளவு, சட்டென்று மாறுவது எவ்வளவு என்று அலை அலையாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணிய அலைகளைத் தோராயமாக்கிவிடும். பலவற்றைச் சைபராகவே ஆக்கிவிடும். நிறத்தில் இன்னும் தாராளம். வெளிச்சத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பாதி அகலம், பாதி உயரத்துக்குக் குறைத்துவிடுவது வழக்கம். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நிற வித்தியாசம் தெரியாது என்ற தைரியம்தான்.

ஒகேனக்கல் சாரல், அதியமான்கோட்டை மேல் மேகம், கிருஷ்ணகிரி மண்டியில் குவித்த மாம்பழம், மனித முகம் இவற்றுக்கெல்லாம் இது அருமையான ஏற்பாடு. 36 எம்பி விவரத்தை நான்கைந்து எம்பியில் அடக்கும், யாருக்கும் குறை தெரியாது. இதில் நான் ஜேபெக்கின் கட்சி. கல்வெட்டில்தான் சங்கடம். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் உளியால் கீறிய எழுத்தின் விளிம்பு என்பது சட்டென்று மாறுகிற இடம். ஜேபெக் தூக்கி எறிவதற்கென்று பார்த்துவைத்திருப்பதும் அதைத்தான்.

அந்தக் குரூப் பிரதியை எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினேன். கட்டம் போட்ட லுங்கியை வெயிலில் விரித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சாம்பல்; எழுத்தின் ஓரத்தில் மட்டும் கொசு மொய்ப்பதுபோல் அழுக்குப் புள்ளிகள். கீறல் எது, கல்லின் சொரசொரப்பு எது, சுருக்கத்தின் கசடு எது என்று பிரிக்க முடியவில்லை. இந்த வட்டார நடுகற்களில் வாசகம் பெரும்பாலும் ஒரே போக்கில்தான் போகும். 'கோவிசைய' என்று தொடங்கி, அரசன் பெயர், 'யாண்டு' என்று ஆட்சி ஆண்டு, பிறகு யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்டுப் பட்டான் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. என் படத்தில் முதல் வரியில் 'கோவிசைய' தெரிகிறது. இரண்டாம் வரியில் 'யாண்டு' தெரிகிறது. அதற்குப் பிறகு, கல்லின் காலத்தைச் சொல்ல வேண்டிய அந்த எண் இருக்கும் இடத்தில், நான்கு சாம்பல் கட்டம்.

இதை எட்டு வருடத்துக்கு முன்னால் பிஎன்ஜியாக மாற்றியபோது என் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: ஜேபெக் தரம் இழக்கும், பிஎன்ஜி இழக்காது, ஆகவே பிஎன்ஜி நல்லது. மூன்றில் முதல் இரண்டும் சரி. பிஎன்ஜி எதையும் எறியாது. ஜிப் கோப்பு சுருக்குகிற அதே முறையில், கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தரும். ஆனால் நான் கொடுத்ததே போன பிறகு மிஞ்சியது. கிருஷ்ணகிரியில் டின்னில் அடைத்த மாங்கூழை எவ்வளவு நல்ல கூடையில் ஊற்றி வைத்தாலும் அது திரும்பப் பழமாகாது. 280 கேபியில் இருந்த கூழ் 3 எம்பி கூடைக்குப் போனது, அவ்வளவுதான்.

கூடை பெரிதானதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கட்டுரையில் வாசகர் பார்ப்பது அசல் கோப்பை அல்ல. தளம் அதிலிருந்து தயாரிக்கிற சிறுபடத்தை. ஜேபெக்கிலிருந்து ஜேபெக் சிறுபடம் வரும், பிஎன்ஜியிலிருந்து பிஎன்ஜி. 250 புள்ளி அகலத்தில் ஒரு கல், ஜேபெக்காக இருந்தால் இருபது கேபிக்குள் முடியும். பிஎன்ஜியில் நூறை எட்டும். ஜேபெக் சிறுபடத்தைச் சுருக்கிய கையோடு லேசாகக் கூர்மைப்படுத்துவது அந்த மென்பொருளின் வழக்கம். பிஎன்ஜிக்கு அந்த உபசாரம் கிடையாது. ஆக என் வேடியப்பன் கனமாகவும் மங்கலாகவும் எட்டு வருடம் கட்டுரையில் நின்றிருக்கிறார். ஏரியூர்ப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

தேதியும் போயிற்று. கேமரா எடுக்கும் ஜேபெக்குக்குள் எக்ஸிஃப் என்று ஒரு குறிப்பு இருக்கும்: எந்தக் கருவி, எந்த நாள், எத்தனை மணி, சில சமயம் எந்த இடம் என்பது வரை. குரூப்பில் போய் வந்தால் அது உதிர்ந்துவிடும். பெயின்டுக்கு முன்னால் எடுத்தது என்பதற்குக் கோப்பிலேயே சாட்சி இருந்திருக்கும். இப்போது நான் ஞாபகத்திலிருந்து எழுதிய மாதம் மட்டும்தான் இருக்கிறது. (வீட்டில் எடுத்த படமானால் அந்த இடக் குறிப்பை நானே நீக்கிவிடுவேன். ஆளில்லாத காட்டில் நிற்கும் கல்லுக்கும் அப்படித்தான், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். சிலையைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு நாம் வழி காட்ட வேண்டாம்.)

அடுத்தது, வெட்டுவது. ஜேபெக்கைத் திறந்து மறுபடி சேமித்தாலே கெட்டுவிடும் என்று ஒரு பயம் எல்லோரிடமும் இருக்கிறது. முழு உண்மை இல்லை. அதே தர எண்ணில், எதையும் மாற்றாமல் திரும்பச் சேமித்தால் இழப்பு மிகக் கொஞ்சம். ஏற்கெனவே தோராயமாக்கிய எண்களையே மறுபடி தோராயமாக்குகிறது. இடது ஓரத்தில் மூன்று புள்ளியை வெட்டிப் பாருங்கள், கதை வேறு. கட்டம் மூன்று புள்ளி நகர்ந்துவிட்டது. பழைய கட்டங்களின் எல்லைகள் புதுக் கட்டங்களுக்கு நடுவில் வந்து விழுகின்றன. இல்லாத கோட்டை இருப்பதாக நினைத்து அதற்கும் சேர்த்துத் தோராயம் நடக்கும். ஒரு டிகிரி சாய்வைச் சரிசெய்தாலும் அப்படித்தான். நான் அந்தக் காலத்தில் முதலில் சாய்வைச் சரிசெய்து சேமிப்பேன், பிறகு வெட்டிச் சேமிப்பேன், பிறகு வெளிச்சம் கூட்டிச் சேமிப்பேன். மூன்று தடவை அரைத்த மாவு.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. கட்டத்தின் எல்லையிலேயே வெட்டினால் எதையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. வேண்டாத கட்டங்களை மட்டும் உருவிப் போட்டுவிடலாம். ஜேபெக்டிரான் என்ற பழைய கருவி அதைச் செய்கிறது. பொதுவகத்தில் இருக்கும் கிராப்டூலிலும் 'இழப்பில்லாத' வெட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. நிறத்தைப் பாதியாக்கிய படமென்றால் எட்டுக்குப் பதில் பதினாறின் மடங்கில் எல்லை வரும். நாம் கேட்ட இடத்துக்குச் சில புள்ளி தள்ளி வெட்டும். போகட்டும், கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் புல் கூடத் தெரிந்தால் என்ன?

பிஎன்ஜிக்கு உரிய இடம் எது என்று எனக்குச் சரியாகப் புரியவைத்தது ஒரு மைப்படி. கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்களே, அது. கல்வெட்டுப் படிப்பில் ஈடுபாடுள்ள ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மடித்து வைத்திருந்த ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். கடைப் பையன் வழக்கம்போல் கறுப்பு-வெள்ளை என்று வைத்து ஸ்கேன் போட்டுவிட்டான். அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஆதார் நகலுக்கு அது போதும். மைப்படியில் மை லேசாகப் பிடித்த இடம்தான் பாதி எழுத்தின் உயிர். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ எழுத்தை மொட்டையடிச்சிட்டியே" என்றார். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் உட்கார்ந்து சாம்பல் நிறத்தில், அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து டிஃப் கோப்பாக எடுத்தேன். ஏ4 அளவுக்கு மூன்றரைக் கோடிப் புள்ளி, சுருக்காமல் 35 எம்பி. அதைப் பிஎன்ஜி ஆக்கினால் ஒரு புள்ளிகூட மாறாமல் அளவு நன்றாகக் குறைந்தது. ஜேபெக்கிலும் ஒன்று செய்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டைச் சுற்றி அதே கொசுக்கள். "இது எழுத்தா, தூசியா?" என்று விரலை வைத்தார். அந்த ஒரு கேள்வி போதாதா?

பொதுவகம் டிஃப்பையும் வாங்கிக்கொள்ளும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தன் படங்களை டிஃப்பில் ஒன்று, ஜேபெக்கில் ஒன்று என்று இரட்டையாக ஏற்றியிருப்பதை அங்கே பார்க்கலாம்: ஒன்று பாதுகாக்க, மற்றது பார்க்க. என் கணக்கு அவ்வளவு பெரிதில்லை. ஸ்கேன், கோட்டோவியம், கணினித் திரையின் படம் என்றால் பிஎன்ஜி. கேமராவில் எடுத்தது ஜேபெக்காகவே வந்தால் ஜேபெக், தொடாமல்.

ஜிஃப் பற்றி அதிகம் இல்லை. 1987-இல் வந்தது, 256 நிறம்தான், அசையும் படத்துக்கு மட்டும் இன்னும் ஆள் இருக்கிறது. அதன் உள்ளே இருந்த சுருக்கு முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் 1994 முடிவில் கட்டணம் என்று கிளம்பியதால்தான் பிஎன்ஜியே பிறந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை போலும். காப்புரிமைச் சிக்கல் உள்ள வடிவம் எதையும் பொதுவகம் வாசலிலேயே நிறுத்திவிடும். எம்பி3 கூட 2017-இல் காப்புரிமைகள் காலாவதியான பிறகுதான் உள்ளே போயிற்று. எம்பி4 இன்றுவரை இல்லை. ஒகேனக்கல்லில் பரிசல் சுழல்வதை எடுத்த வீடியோவை, பொதுவகம் ஏற்கிற வெப்எம் வடிவத்துக்கு மாற்ற என் பழைய கணினி ஒரு ராத்திரி முழுக்க இரைந்தது.

அக்கா மகன் போன மாம்பழ சீசனில் ஐபோனோடு வந்தான். கிருஷ்ணகிரி அணையில் அருமையான படங்கள் எடுத்துவிட்டு, "மாமா, ஒண்ணுகூட ஏத்துக்க மாட்டேங்குது" என்றான். எச்ஈஐசி. 2017-இலிருந்து அந்தப் போன்களில் அதுதான் வழக்கமான வடிவம்; பாதி இடத்தில் அதே தரம், ஆனால் உள்ளே காப்புரிமை முள்ளு. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்பதற்குள் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்தால் இனி எடுப்பது ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை ஒரே ஒரு முறை, உயர்ந்த தரத்தில், எக்ஸிஃப் உதிராமல் மாற்றிக்கொடுத்தேன். எனக்கு அனுப்பும்போது குரூப்பில் போடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, டாக்குமென்டாக அனுப்படா என்றேன். அப்படி அனுப்பினால் கோப்பு கோப்பாகவே வரும். அணையின் அகலப்படம் ஒன்றைத் தானே வெப்பி (WebP) என்ற இன்னொரு பட வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தான், முடியவில்லை. வெப்பியில் ஒரு பக்கம் 16,383 புள்ளிக்கு மேல் போகாது. அவன் ஒட்டியிருந்தது அதைவிட நீளம். ஜேபெக்குக்கு 65,535 வரை இடம் உண்டு. வெப்பியைப் பொதுவகம் ஏற்கும் என்றாலும், வெட்டவும் திருத்தவும் வருகிற அடுத்தவருக்கு ஜேபெக்கில்தான் கைக்குக் கருவிகள் அதிகம் என்பது என் எண்ணம்.

இனி தென்பெண்ணை வரைபடம். படமென்றால் புள்ளிதான் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைப் புரட்டிப் போட்டது அது.

நண்பர் ஒருவர் பள்ளிக் கண்காட்சிக்காகக் கோரல்டிராவில் வரைந்தது. நந்தி மலையில் தொடங்கி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், தாண்டிப் போய்ச் சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கடல். பொதுவகத்தில் போடலாமா என்றேன். தாராளமாக என்று ஒரு டிடிபி கடையில் ஜேபெக்காக எடுத்து அனுப்பினார். திறந்தால் வயல்கள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. அச்சுக்கான நான்கு மை நிறத்தில் எடுத்திருக்கிறார்கள். உலாவி அதைத் தன் இஷ்டத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டது. திரைக்கான படத்தில் எப்போதும் எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற முறைதான். இதைக் கடைக்காரர்களுக்கு என் செலவில் போர்டு எழுதி மாட்டலாம் என்று இருக்கிறேன்.

அசல் கோரல் கோப்பையே வாங்கி இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தேன். கோடுகள் அழகாக வந்தன. எழுத்துகள் எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். ஒரு மூலையில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. டிடிபி வேலை தெரிந்தவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும்: பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது அதுதான். பாமினி இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் கிறுக்கல். நம் ஊர்ப் பிளக்ஸ் பேனர்கள், கல்யாணப் பத்திரிகைகள் எத்தனையோ இந்தக் கிறுக்கலில்தான் உறங்குகின்றன. ஒவ்வொரு பெயரையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். நாற்பத்தொரு ஊர்.

இப்போது இதை எந்த வடிவத்தில் ஏற்றுவது? வரைபடத்துக்கு எஸ்விஜிதான். அதில் புள்ளியே கிடையாது. இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு இவ்வளவு தடிமனில் நீல வளைவு என்று வாக்கியமாக எழுதி வைத்திருக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் லுங்கிக் கட்டம் வராது. ஒரு ஜேபெக்கை எஸ்விஜிக்குள் ஒட்டிவைத்து எஸ்விஜி என்று பெயர் சூட்டுகிறவர்களும் உண்டு. அது பழைய கூழ், புது டின்.

சிக்கல் எழுத்தில் வந்தது. எழுத்தை எழுத்தாகவே விடலாம். அல்லது ஒவ்வோர் எழுத்தையும் வளைகோடாக மாற்றிவிடலாம். வளைகோடாக்கினால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, அழகு கெடாது. ஆனால் அது பிறகு எழுத்தே அல்ல. 'காவேரிப்பட்டணம்' என்பதில் ஒரு பிழை இருந்தால் யாரும் திருத்த முடியாது, தேட முடியாது. எழுத்தாக விட்டேன். ஏற்றிப் பார்த்தால், தளம் எஸ்விஜியை நேரே காட்டாமல் தன் சர்வரில் பிஎன்ஜியாக வரைந்துதான் சிறுபடம் தருகிறது. என் கணினியில் இருந்த அலங்கார எழுத்துரு அங்கே இல்லை. வேறு எழுத்துரு உட்கார்ந்ததில் பெயர்கள் அகலமாகி, ஊத்தங்கரை ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. கிருஷ்ணகிரி அணை என்று எழுதிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. இங்க்ஸ்கேப்பில் பெட்டி இழுத்து அதற்குள் எழுத்தை ஓடவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது. சாதாரண எழுத்துவரியாக மாற்றி, அலங்காரத்தைக் கைவிட்டு, எல்லாப் பெயருக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டேன். என் கண்ணுக்கு அது அழகில் கண்காட்சிப் படத்துக்குக் கீழேதான்.

ஆறேழு மாதம் கழித்து அந்தக் கோப்பில் ஒரு புதுப் பதிப்பு வந்திருந்தது. யாரோ கன்னடக்காரர். எஸ்விஜியில் ஒரே எழுத்துக்குப் பல மொழி வைத்துக்கொள்ள இடம் உண்டு. பார்க்கிற மொழிக்கு ஏற்ப மாறும். அவர் என் நாற்பத்தொரு பெயருக்கும் அடியில் கன்னடம் சேர்த்திருந்தார். நோட்பேடில் திறந்து பார்த்தேன். 'தென்பெண்ணை' என்று நான் அடித்த வரிக்குக் கீழே கன்னட எழுத்தில் 'தட்சிண பினாகினி'. நம் ஆற்றுக்கு மலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். போகிற போக்கில் நந்தி மலையை நான் கொஞ்சம் தெற்கே தள்ளி வைத்திருந்ததையும் சரிசெய்திருந்தார். ஜேபெக்காகப் போட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? முதலிலிருந்து வரைந்திருப்பார், அல்லது பேசாமல் போயிருப்பார்.

வேடியப்பன் கதைக்கு வருகிறேன். குரூப் பிரதியை, அந்த 280 கேபியை, இருந்தபடியே புதுக் கோப்பாக ஏற்றினேன். பழைய பிஎன்ஜியின் பக்கத்தில் இது அதிலிருந்து ஊதிப் பெருக்கியது என்று குறிப்பு எழுதி, கட்டுரைகளில் இணைப்பை மாற்றினேன். அன்று கூட வந்திருந்த எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. ஒருவர் மட்டும் பழைய மெமரி கார்டு ஒன்று எங்கேயோ இருக்கிறது என்கிறார், ஆறு மாதமாக.

அப்புறம், புரட்டாசியில் ஒரு ராத்திரி அந்தத் தோப்புக்கு மறுபடி போனேன். பகல் வெயில் நேராக விழுந்தால் எழுத்து தட்டையாகிவிடும்; இருட்டில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் ஒவ்வொரு கீறலும் தன் நிழலைக் காட்டும். பெயின்டைச் சுரண்ட நான் கேட்கவும் இல்லை, கேட்பதும் முறையில்லை. போனை முக்காலியில் வைத்தேன். பூசாரி செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு ஒட்டிக் குந்தி அவரே டார்ச் பிடித்தார்.

"இன்னும் கீழ வைக்கட்டுங்களா?"

"கொஞ்சம்ங்க. அப்படியே. ஆட்டாதீங்க."

இருபத்திரண்டு படம். எதையும் வெட்டவில்லை, வெளிச்சம் கூட்டவில்லை, போனிலிருந்து வந்த ஜேபெக்கை வந்தபடி ஏற்றினேன். ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி, தேதியும் மணியும் உள்ளேயே. முதல் வரியில் பெயின்ட் தடித்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வரியில் 'யாண்டு' தெரிகிறது. அதை அடுத்து, பழைய படத்தில் சாம்பல் கட்டமாக இருந்த இடத்தில், மஞ்சளுக்கு அடியில் ஒரு வளைவும் அதன் வலப்பக்கம் கீழே இறங்கும் ஒரு கோடும். பதினேழாவது படத்தில்தான் அது தெளிவாக இருக்கிறது.